கையில் 70,000, முன்னால் வெறும் நிலம்

நகரம் கட்டும் விளையாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் இரண்டு மணி நேரம்தான். உயரமான கட்டடங்களும் மெட்ரோ பாதைகளும் வந்த பிறகு நகரம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்தத் தொடக்கத்தில்: ஓரமாக ஒரு நெடுஞ்சாலை, பக்கத்தில் ஓர் ஆறு, மற்றபடி வெறும் நிலம். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்றால் கஜானாவில் 70,000 காசு. அந்த விளையாட்டு 2015 மார்ச்சில் வந்தது. அதில் நான் முதலில் கட்டிய மூன்று நகரங்களும் ஆயிரம் பேரைத் தாண்டுவதற்குள் திவாலாகின. மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்பது நாலாவதைக் கட்டும்போதுதான் பிடிபட்டது.

முதல் நகரம் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பெரிய ஊர் வரப்போகிறது, அதற்கேற்ற அடித்தளத்தை இப்போதே போட்டுவிடுவோம் என்று நினைத்தேன். நிலக்கரி மின்நிலையம் ஒன்று வைத்தேன். ஆற்றில் தண்ணீர் இறைக்கும் நிலையம், கழிவுநீர் வெளியேறும் குழாய், ஊர் முழுக்க நிலத்தடிக் குழாய்கள். சதுரம் சதுரமாகத் தெருக்களை நெடுந்தூரம் இழுத்தேன். பச்சை மண்டலம் போட்டதும், அதாவது தெருவோர நிலத்தை வீடுகளுக்கென்று பச்சை நிறத்தில் குறித்ததும், வீடுகள் எழுந்தன. சாமான் ஏற்றிய வண்டிகள் நெடுஞ்சாலையிலிருந்து வரிசையாக இறங்கின. மக்கள்தொகை ஏறிக்கொண்டே இருந்தது. அதே வேகத்தில் கஜானா இறங்கிக்கொண்டே இருந்தது. ஊர் வளர்கிறதே, பணம் ஏன் கரைகிறது என்று புரியாமல், வளர்ச்சி போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் நாலு தெரு போட்டேன். அதோடு முடிந்தது.

ஒவ்வொரு கட்டடத்தையும் வைக்கும்போது நான் பார்த்தது அதன் விலையைத்தான். பார்த்திருக்க வேண்டியது, அது வாரத்துக்கு எவ்வளவு தின்னும் என்பதை. விலை ஒரு முறை போவது. பராமரிப்புச் செலவு நகரம் இருக்கும்வரை போவது. இரண்டும் ஒரே சிறு பெட்டிக்குள், பக்கத்துப் பக்கத்து வரிகளில்தான் எழுதியிருக்கும். கண் பெரிய எண்ணையே பார்க்கிறது.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த விளையாட்டில் ஒரு காற்றாலையின் விலை 6,000. பராமரிப்பு வாரத்துக்கு 80. நல்ல காற்றடிக்கும் இடத்தில் 8 மெகாவாட் வரை தரும். நிலக்கரி நிலையத்தின் விலை 19,000, வாரச் செலவு 560, தருவது 40 மெகாவாட். கணக்குப் போட்டால், ஒரு மெகாவாட்டுக்குக் கட்டும் விலை நிலக்கரியில் 475, காற்றாலையில் 750. ஆகவே நிலக்கரிதான் மலிவு என்று தோன்றும். நானும் அப்படித்தான் முடிவெடுத்தேன். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் ஊருக்குத் தேவைப்படுவது ஒன்றோ இரண்டோ மெகாவாட்தான். அந்த இரண்டுக்காக வாரத்துக்கு 560 கொடுப்பதா, 80 கொடுப்பதா? மீதி 38 மெகாவாட்டுக்கு நான் கட்டிக்கொண்டிருந்தது, யாரும் குடியிராத வீட்டுக்குக் கட்டும் வாடகை. போதாக்குறைக்கு நிலக்கரி நிலையம் சுற்றுப்புறத்தைக் கெடுக்கும். நிலக்கரி ஏற்றிய லாரிகளும் ஊருக்குள் வந்து போகும். காற்றாலையில் சத்தம் ஒன்றுதான் தொல்லை. வீடுகளிலிருந்து தள்ளி வைத்துவிட்டால் சரி.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் கண் போகும் இடமே மாறியது. திரையின் கீழே இரண்டு எண்கள் இருக்கும்: கையிருப்பு, அதன் பக்கத்தில் வார வரவுசெலவின் மிச்சம். முன்பெல்லாம் கையிருப்பையே பார்ப்பேன். இப்போது இரண்டாவது எண்ணைத்தான் பார்க்கிறேன். கையிருப்பு 3,000 இருந்து வார மிச்சம் பச்சையில் இருந்தால் எனக்குப் பயமில்லை. கையிருப்பு 40,000 இருந்து அந்த எண் சிவப்பில் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

அடுத்தது பட்ஜெட் பலகை. இதைப் புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. மின்சாரம், தண்ணீர் என்று ஒவ்வொரு துறைக்கும் 50 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடு வரை நகர்த்தக்கூடிய ஒரு பட்டை இருக்கும். தொடக்கத்தில் எல்லாம் 100-ல் நிற்கும். ஊருக்கு இரண்டு மெகாவாட் போதும், காற்றாலை எட்டுத் தருகிறது என்றால் பட்டையை 50-க்கு இறக்கிவிடலாம். 80 காசு செலவு 40 ஆகும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 50-க்கு இறக்கினால் உற்பத்தி பாதியாகாது, கால் பங்காகும். அதேபோல் 150-க்கு ஏற்றினால் கிடைப்பது 125 விழுக்காடுதான். அதாவது இரு ஓரங்களிலும் கொடுத்த காசுக்கு முழுப் பலன் இல்லை. ஆனால் உற்பத்தித்திறன் தேவையைப்போல நான்கு மடங்கு இருக்கும் முதல் கட்டத்தில் அந்தக் கால் பங்கே போதும். பிறகு மக்கள் வர வர ஐந்தைந்தாக ஏற்றிக்கொண்டே போவேன். 100-ஐத் தொட்டதும் அடுத்த காற்றாலைக்கு இடம் தேட ஆரம்பித்துவிடுவேன். 100-க்கு மேல் தள்ளுவது அவசரத்துக்கு மட்டும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இறக்கி வைத்ததை மறந்துவிடக் கூடாது. ஒரு முறை தண்ணீர்ப் பட்டையை 50-ல் விட்டுவிட்டுத் தொழிற்பேட்டைக்குச் சாலை போடுவதில் மூழ்கிப்போனேன். தலை நிமிர்ந்தபோது பாதி ஊரின் மேல் தண்ணீர் இல்லை என்ற சின்னம் மிதந்தது. வீடுகள் காலியாகத் தொடங்கியிருந்தன. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: புதிய தெரு ஒன்றுக்கு மண்டலம் போடும் முன்பு விளையாட்டை நிறுத்தி, மின்சாரம், தண்ணீர் இரண்டிலும் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிடுவது. பத்து நொடி வேலை.

சிம்சிட்டி 4 இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. 2003-ல் வந்த விளையாட்டு. அதில் ஒவ்வொரு பள்ளியையும் ஒவ்வொரு மருத்துவமனையையும் தனித்தனியாகச் சொடுக்கி, அதற்கு மட்டும் நிதியைக் கூட்டலாம், குறைக்கலாம். பள்ளி வாகனம் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுகூட நம் கையில். புதிதாகக் கட்டிய பள்ளி பெரிதாக இருக்கும். படிக்க வருவதோ சில பிள்ளைகள்தான். வருகிற பிள்ளைகளைவிடச் சற்றே கூடுதலான இடம் இருக்கும்படி நிதியைக் குறைத்தால் மாதச் செலவு பளிச்சென்று இறங்கும். இப்படி ஒவ்வொரு கட்டடமாகப் போய்ப் பார்ப்பது சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். எனக்கு அது வீட்டைச் சுற்றி வந்து ஆளில்லாத அறைகளில் விளக்கை அணைப்பதுபோல. பிடித்துத்தான் செய்கிறேன்.

இந்த வகை விளையாட்டுக்கே அடிப்படை போட்ட முதல் சிம்சிட்டி வந்தது 1989-ல். உருவாக்கியவர் வில் ரைட். அதற்கு முன் அவர் செய்தது ஹெலிகாப்டரில் பறந்து குண்டு போடும் ஒரு விளையாட்டு. அதற்கான தீவுகளை வரைந்து உருவாக்குவதே குண்டு போடுவதைவிடச் சுவையாக இருப்பதை உணர்ந்து இந்தப் பக்கம் வந்தார். சிம்சிட்டியில் எளிய நிலையில் தொடங்கினால் 20,000, நடுத்தர நிலையில் 10,000, கடினமான நிலையில் 5,000. அந்த 5,000 ஐப் பாருங்கள். நிலக்கரி மின்நிலையம் ஒன்று 3,000. அணுமின் நிலையம் 5,000. அதை வாங்கினால் ஒரு கம்பி இழுக்கக்கூடக் காசு இருக்காது. நிலக்கரியை வாங்கினால் மிச்சம் 2,000. ஒரு மண்டலம் போட 100. சாலை ஒரு கட்டத்துக்கு 10, மின்கம்பி ஒரு கட்டத்துக்கு 5. காவல் நிலையம் ஒன்று 500. ஆக, சாலையும் கம்பியும் போக இருபது மண்டலம்கூடத் தேறாது. வரியோ ஆண்டுக்கு ஒரு முறைதான் வசூலாகும். காசு தீர்ந்த பிறகு அந்த ஆண்டு முடியும்வரை பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு எனக்கு நிறையக் கற்றுக் கொடுத்தது. ரைட் தன் நகரத்தின் உள்ளியக்கத்துக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் ஆய்விலிருந்து கருத்துகளை எடுத்துக்கொண்டார். ஃபாரஸ்டர் 1960களின் இறுதியில் ஒரு நகரத்தையே கணினியில் சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தவர். கையிருப்பு ஒரு பக்கம், அதற்குள் வருவதும் வெளியே போவதும் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் இடையே தாமதம்: அவருடைய முறையின் சாரம் இதுதான். ஒரு முடிவின் விளைவு எப்போதும் பிந்தியே வரும். இன்றைய நகர விளையாட்டுகளிலும் இதுவே நடக்கிறது. செலவு, நீங்கள் சொடுக்கிய அந்த நொடியில் தொடங்குகிறது. வரவோ மண்டலம் போட்டு, வீடு எழும்பி, ஆள் குடிவந்து, அவருக்கு வேலை கிடைத்து, கடைக்குச் சரக்கு வந்து, அதற்கு அப்புறம்தான். இடையில் இருக்கும் அந்த இடைவெளியைக் கையிருப்பால் தாண்ட முடிகிறதா இல்லையா என்பதே முதல் கட்டத்தின் முழுக் கதையும். என் மூன்று நகரங்களும் இந்த இடைவெளிக்குள்தான் விழுந்தன. வேகத்தை மூன்று மடங்காக்கி ஆடினால் தாமதம் குறைவதுபோல் தெரியும். செலவும் மூன்று மடங்கு வேகத்தில் போகும் என்பதால் பலன் ஒன்றுமில்லை. வார மிச்சம் சிவப்பில் இருக்கும்போது வேகத்தைக் கூட்டவே கூடாது.

சரி, எதை எப்போது கட்டுவது? சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் மக்கள்தொகை ஒவ்வொரு மைல்கல்லைத் தொடும்போதும் கொஞ்சம் பணம் கிடைக்கும், சில புதிய கட்டடங்களும் திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால், அந்தப் பணம் இந்தக் கட்டடங்களுக்காகவே கொடுத்தது என்று தோன்றிவிடுகிறது. அப்படிச் செலவழித்தால் பரிசுப் பணம் ஒரே நாளில் நிரந்தர வாரச் செலவாக மாறிவிடும். நான் செய்வது வேறு. புதிய கட்டடத்தின் வாரப் பராமரிப்பை இப்போதைய வார மிச்சத்திலிருந்து கழித்துப் பார்ப்பேன். கழித்த பிறகும் பச்சையில் இருந்தால் கட்டுவேன். இல்லையென்றால் அந்தப் பணத்தில் இன்னும் ஒரு தெருவும் வீடுகளும் கடைகளும். மிச்சம் உயர்ந்த பிறகு கட்டடம். மண்டலம் போட இந்த விளையாட்டில் காசே வாங்குவதில்லை என்பதால், சாலை இருக்கிற இடத்தில் வளர்ச்சி ஏறக்குறைய இலவசம்.

வரிசை என்று கேட்டால், குப்பைக் கிடங்கு உடனே வேண்டியதில்லை. குப்பை சேர்ந்து தொல்லையாவதற்குச் சில காலம் ஆகும். அதுவரை அந்த வாரச் செலவு மிச்சம். சிறு மருத்துவமனையும் அப்படித்தான், கழிவுநீரைச் சரியான இடத்தில் விட்டிருந்தால். ஆற்றில் நீரோட்டம் உண்மையாகவே ஓடும். கழிவுக் குழாயை மேல்புறத்திலும் இறைக்கும் நிலையத்தைக் கீழ்புறத்திலும் வைத்துவிட்டால், ஊரே தன் கழிவைத் தானே குடித்து நோயில் விழும். அந்தத் தவற்றுக்கு மருத்துவமனை தீர்வல்ல, குழாயை இடம் மாற்றுவதே தீர்வு. இவற்றுக்கெல்லாம் முன்னால் நான் கட்ட விரும்புவது தொடக்கப் பள்ளி. படித்தவர்கள் கூடினால், நிலத்தின் மதிப்பும் ஒத்துழைத்தால், வீடுகள் தரம் உயரும். தரம் உயர்ந்த வீடு கூடுதல் வரி தரும். செலவாகத் தொடங்கி வரவாகத் திரும்பும் சேவை அது. காவல் நிலையம் முக்கியமானதுதான், ஆனால் முந்நூறு நானூறு பேர் இருக்கும் ஊரில் அவசரமில்லை.

வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 9 விழுக்காடு இருக்கும். 1-லிருந்து 29 வரை நகர்த்தலாம். 12 வரை ஏற்றினால் பெரிய முணுமுணுப்பு எழுவதில்லை. அதற்கு மேல் போனால் மக்கள் முகம் சுளிப்பார்கள். 9 என்பது 12 ஆனால் வரி வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அது சின்ன விஷயமில்லை. தண்ணீர் நிலையமோ பள்ளியோ கட்ட வேண்டிய இடத்தில் சிக்கிக்கொண்டால் சில வாரங்களுக்கு 12-ல் வைத்துவிட்டு, பிறகு இறக்கிவிடுவேன்.

கடன் விஷயத்தில் எனக்கு ஒரே விதிதான்: வார மிச்சம் பச்சையில் இருக்கும்போது மட்டும். முதலில் கிடைக்கும் கடன் 20,000. சிவப்பில் தத்தளிக்கும் நகரத்துக்கு அது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் கடனின் தவணையும் வாரச் செலவில்தான் போய்ச் சேர்கிறது. ஏற்கெனவே இருக்கும் சிவப்பு இன்னும் சிவப்பாகும். பச்சையில் இருக்கும் நகரம் அதே கடனை வாங்கி நூறு வீட்டுக்கு வேண்டிய சாலையும் குழாயும் போட்டால், தவணையை அந்த வீடுகளே கட்டிவிடும்.

சாலைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் வரும் வாயில் ஒன்றுதான் இருக்கும்; தொழிற்பேட்டை லாரிகளும் கடைச் சரக்கும் குடிவருபவர்களும் அதன் வழியேதான் வர வேண்டும். அதன் இரு பக்கமும் வீடு போடாமல் வெறும் நிலமாக விட்டுவையுங்கள். பின்னால் அகலப்படுத்த வரும்போது எந்த வீட்டையும் இடிக்க வேண்டியிருக்காது.

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2 வந்தபோது இந்த முதல் கட்டத்தைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்த்தேன். 2023 அக்டோபரில் வெளியானது. ஆனால் நகரம் நட்டத்தில் ஓடினாலும் அரசு மானியம் வந்து தாங்கிக்கொண்டது. தவறு செய்தாலும் வலிக்கவில்லை. சரியாகச் செய்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. எந்தக் கட்டடத்தையும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆனபோது, எங்கே எதை வைப்பது என்று யோசிக்கும் ஆசையே எனக்குக் குறைந்துவிட்டது. 2024 ஜூனில் பொருளாதாரத்தைத் திருத்தி ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. அதில் அந்த மானியத்தை எடுத்துவிட்டார்கள். அன்று இரவே புதிதாக ஒரு நகரம் தொடங்கினேன். முதல் மணி நேரத்தில் கஜானா தரை தட்டியது. எனக்குப் பழைய நண்பரைப் பார்த்ததுபோல் இருந்தது.

பணமே இல்லாமலும் இதே பாடம் வரும். 2014-ல் வந்த பானிஷ்டு விளையாட்டில் காசு கிடையாது. விறகும் உணவும் கருவிகளும் ஆட்களின் உழைப்பும்தான் பொருளாதாரம். அதில் வீடு கட்டினால்தான் இளம் தம்பதிகள் தனிக்குடித்தனம் போவார்கள், குழந்தை பெறுவார்கள். நிறைய வீடுகளை ஒரே சமயத்தில் கட்டினால் ஊரெங்கும் குழந்தைகள். வேலை செய்யும் கைகள் கூடுவதற்குள் உணவுக் கிடங்கு காலி. கட்டாமலே விட்டாலோ ஊர் சத்தமில்லாமல் முதுமையடைந்து, வரிசையாகச் சாவுகள் விழும்போதுதான் நமக்கே தெரியும். வருடத்துக்கு ஓரிரு வீடு என்று நிதானமாகப் போன ஊர்கள்தான் எனக்கு நிலைத்தன.

ஸ்கைலைன்ஸிலும் இதன் நிழல் உண்டு. முதல் நாளே ஊர் முழுக்கப் பச்சை மண்டலம் போட்டால், ஏறக்குறைய ஒரே வயதுள்ளவர்கள் ஒரே நேரத்தில் குடிவருகிறார்கள். அப்புறம் ஒரே நேரத்தில் முதுமையடைந்து ஒரே நேரத்தில் சாகிறார்கள். இடுகாட்டு வண்டிகள் போதாமல் வீடுகள் காத்திருக்கும், கைவிடப்பட்ட வீடுகள் பெருகும், வரி சரியும். ஆடுபவர்கள் இதைச் சாவு அலை என்கிறார்கள். நிறையப் பேர் அப்போது இடுகாடு போதவில்லை என்று இன்னொன்று கட்டுவார்கள். உண்மையில் அந்த அலை புறப்பட்டது, கையில் 70,000 இருந்த அந்த முதல் அரை மணி நேரத்தில்.

அதனால் இப்போது கட்டும் நகரத்தில் ஒரு தெருவுக்கு ஏழெட்டு வீடு என்றுதான் மண்டலம் போடுகிறேன். அவை நிரம்பி, அந்த மக்களுக்கு வேலை கிடைத்து, வார மிச்சம் ஒரு படி உயர்ந்த பிறகே அடுத்த தெரு. நேற்று நிறுத்தும்போது 640 பேர். இரண்டு காற்றாலைகள், மின்சாரப் பட்டை 70-ல். பள்ளிக்கான இடத்தை நடு ஊரில் ஒதுக்கிச் சாலை வளைத்திருக்கிறேன். அதன் வாரச் செலவைத் தாங்க இன்னும் ஒரு தெரு தேவை. ஆற்றங்கரையை ஒட்டி அதற்கு ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன், தண்ணீர்க் குழாயும் பக்கத்திலேயே போகிறது. இன்று இரவு முதலில் அதைத்தான் போட வேண்டும்.